மஞ்சள் துணிக்குள் பன்னிரண்டு மூலை

— சுத்தியல் வேணாம் ஜெயரட்ணம் அண்ணே, ரம்பம்தான் வேணும். சுத்தியலால அடிச்சா காசு சப்பையாத்தான் போகும், ரெண்டாப் பிளக்காது.

— பொறுங்கோ வேதவல்லி, பொறுங்கோ. வந்ததும் வராததுமா ரம்பம் ரம்பம் எண்டால் நான் என்ன செய்யிறது? உந்தக் கதிரையில முதல் இருங்கோ. நாகராஜன் எப்பிடி இருக்கிறார்?

— படுத்திருக்காரு. மறுபடி நெஞ்சு வலி. டாக்டர் வயித்தைத் தட்டிப் பாத்துட்டு, இது கேஸுன்னு சொல்லி வெள்ளை மாத்திரை குடுத்து அனுப்பிட்டார்.

— அப்ப கேஸ்தானே தங்கச்சி. தீபாவளிக்கு உங்கட வீட்டில போட்ட வடைக்கு எனக்கே ரெண்டு நாள் வயிறு ஊதிப் போய்க் கிடந்தது.

— கேஸ் இல்லண்ணே. அது என்னன்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் ரம்பம் கேக்குறேன். இந்த ஸ்ட்ராத்ஃபீல்ட்ல நமக்குத் தெரிஞ்ச ஆளுங்கள்ல கராஜும் ரம்பமும் வச்சிருக்கிறது நீங்க ஒருத்தர்தான்.

— என்னத்தை அறுக்கப் போறியள்?

— இந்த அம்பது சென்ட.

— அம்பது சதத்தை அறுக்கிறதோ? ஏன், ரெண்டு இருபத்தைஞ்சு ஆக்கவோ? அமெரிக்காவிலதான் இருபத்தைஞ்சு சதம் செல்லும் தங்கச்சி, இஞ்ச ஒருத்தனும் வாங்க மாட்டான்.

— கிண்டல் பண்ணாதீங்க. ஒருத்தனுக்குச் சாபம் விடணும்.

— ஆருக்கு?

— தெரியாது.

— ஆர் எண்டு தெரியாத ஆளுக்கு, காசை அறுத்துச் சாபம். விசர்க் கதையாக் கிடக்கு.

— பைத்தியக்காரத்தனம் இல்லண்ணே, இது எங்க ஊர் வழக்கம். சிவகங்கைப் பக்கம் ஒரு காளி கோயில் இருக்கு. ஒருத்தன் நமக்குத் துரோகம் பண்ணிட்டான், சாட்சி இல்ல, போலீசுக்குப் போக வழியில்லன்னு வைங்க. நேரா கோயிலுக்குப் போயி ஒரு காச வெட்டிப் போட்டுட்டு வந்துருவாங்க. அம்புட்டுத்தான். மிச்சத்தைக் காளி பாத்துக்குவா. காசு ரெண்டாகிற மாதிரி அவன் குடும்பம் ரெண்டாகும். கை விளங்காது. கண்ணு அவிஞ்சிரும்.

— பேர் சொல்லத் தேவையில்லையோ?

— பேரும் விலாசமும் எழுதிக் குடுக்க இது என்ன தந்தியா? செஞ்சவன் யாருன்னு அவளுக்குத் தெரியும்.

— இஞ்ச சிட்னியில காளி கோயில் இல்லையே.

— கோயிலே இல்ல, அப்புறம் காளி கோயிலுக்கு எங்க போறது? எங்க மாமியாருக்குக் கடுதாசி போட்டுக் கேக்க நேரமில்ல. நானே முடிவு பண்ணிட்டேன். இங்க வெட்டி, கவர்ல போட்டு ஏர்மெயில்ல அனுப்பிருவேன்.

— சரி, அப்பிடி உங்களுக்கு என்ன துரோகம் நடந்தது?

— போன வருஷம் இவருக்கு அட்டாக் வந்து பரமட்டாவுல ஆஸ்பத்திரியில கெடந்தாருல்ல? அன்னிக்கு மஞ்சத் துணியில ஒரு காச முடிஞ்சு, "முருகா, இவர எழுப்பி உக்கார வை, இந்தக் காசோட பழனிக்கு வர்றேன்"னு வேண்டிக்கிட்டு சாமி படத்துக்கு முன்னாடி வச்சேன். மறுநாளே எழுந்து உக்காந்து இட்லி கேட்டாரு. இட்லிக்கு அங்க எங்க போறது, ஜெல்லி குடுத்தாங்க. அதையும் சாப்பிட்டாரு.

— ஓம், நானும் பாக்க வந்தனான். பச்சை ஜெல்லி.

— அந்த முடிச்ச யாரும் தொடக் கூடாதுண்ணே. பழனியில உண்டியல்ல போடுற வரைக்கும் அவிழ்க்கவே கூடாது. வர்ற தை மாசம் போக டிக்கெட்டும் எடுத்தாச்சு. தீபாவளி அன்னிக்கு ராத்திரி திடீர்னு நெஞ்சு வலிக்குதுங்கறாரு. விட்டு விட்டு வலிக்குது. முந்தாநாள் தாங்க முடியாம உக்காந்துட்டாரு. நான் ஓடிப் போயி முடிச்ச எடுத்து அவர் நெத்தியில ஒத்தினேன். "ஆ, குத்துதுடீ"ன்னாரு. ஏண்ணே, வட்டக் காசு எப்படிக் குத்தும்?

— ம்.

— தடவிப் பாத்தேன். மூலை மூலையா இருக்கு. துணியோட சேத்து எண்ணினேன். பன்னெண்டு மூலை. நான் முடிஞ்சது வட்டக் காசு, பெருசா, கனமா. எவனோ அத எடுத்துட்டு இந்த மூலைக் காச வச்சு மறுபடி முடிஞ்சு வச்சிருக்கான். அதான் முருகன் கைய விட்டுட்டாரு. ஏண்ணே உங்களுக்கு இப்படி வேர்க்குது?

— தகரக் கூரை தங்கச்சி. நவம்பர் வெய்யில்.

— வாசல்ல மழை தூறுதே.

— புழுக்கம். என்ன சொல்லுறன் எண்டால், இதை ஏன் களவு எண்டு சொல்லுறியள்? அம்பது சதத்தை எடுத்தவன் அம்பது சதம் வைச்சிட்டுத்தானே போயிருக்கிறான். கடையில கொண்டுபோய்க் குடுத்தால் ரெண்டுக்கும் ஒரே பால் போத்தலைத்தான் தருவான்.

— அப்ப எதுக்கு மாத்தினான்?

— அது... அறுபத்தாறாம் ஆண்டு அடிச்ச வட்ட அம்பதில வெள்ளி கிடக்கு. நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி. அடிச்சுப் போட்டுப் பாத்தால் காசின்ர பெறுமதியைவிட உள்ள கிடக்கிற வெள்ளியின்ர விலை கூடிப் போச்சு. சனம் எல்லாம் பதுக்கத் தொடங்கீட்டுது. உடன நிப்பாட்டிப் போட்டு மூலைக் காசு அடிச்சவங்கள். அதில வெள்ளி ஒரு பொட்டும் இல்லை.

— ஓ. அப்ப இவ்வளவு விவரம் தெரிஞ்சவன்தான் எடுத்திருக்கணும்.

— இது எல்லாருக்கும் தெரியும்! பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கும் தெரியும்!

— எனக்குத் தெரியலையே.

— நீங்கள் பேப்பர் பாக்கிறேல்லை.

— சரிண்ணே, பேச்சு போதும். இந்தாங்க காசு. அறுத்துக் குடுங்க.

— தாங்கோ பாப்பம். இது கப்டன் குக். எழுபதாம் ஆண்டுக் காசு. அந்தாள் இந்த நாட்டுக் கரையைக் கண்டு இருநூறு வருஷம் எண்டு ஞாபகார்த்தமா அடிச்சது. ஒரு பக்கம் ராணி, திருப்பினால் மற்றப் பக்கம்... ஐயோ!

— என்னண்ணே ஆச்சு?

— ஒண்டுமில்லை. வாள் கையில வெட்டிப் போட்டுது.

— ரம்பம் அந்தா சுவத்துலல்ல தொங்குது.

— அதைப் பாத்த பயத்தில சொன்னனான். தங்கச்சி, இந்தக் காசை அறுக்க வேண்டாம். ஞாபகார்த்தக் காசு எல்லோ.

— ஞாபகார்த்தம்னா விலை அதிகமா?

— சீச்சீ, விலை ஒண்டும் இல்லை. அதுதான் சனம் விடுற பிழை. இந்த வருஷம் ராணியின்ர வெள்ளிவிழாவுக்கு ஒரு அம்பது சதம் வந்திருக்கு. உங்கட வீட்டிலயும் ஒளிச்சு வைச்சிருப்பியள்.

— ஆமா, அரிசி டப்பாவுல அஞ்சாறு போட்டு வச்சிருக்கேன்.

— எடுத்துச் செலவழியுங்கோ. கோடிக்கணக்கில அடிச்சு விட்டிருக்கிறாங்கள். நூறு வருஷம் அரிசிக்குள்ள கிடந்தாலும் அம்பது சதம்தான். இந்தக் குக்கும் அப்பிடித்தான். அதால நான் என்ன சொல்லுறன் எண்டால், உங்களுக்கு ஒரு புது வெள்ளிவிழாக் காசு தாறன், பளபளக்குது பாருங்கோ. அதை அறுப்பம். இந்தப் பழசை நான் வைச்சுக்கொள்ளுறன்.

— அது எப்படிண்ணே? திருடன் கை பட்ட காசுல்ல இது? வேற காச அறுத்தா சாபம் வேற யார் தலையிலயாவது போயி உக்காந்துரும்.

— ராணியின்ர தலை கிடக்கு இதில. தலையை அறுத்தால் மறியல், ஜெயில்தான்.

— ராணிய அடியில வச்சு அறுங்க.

— அறுக்கேக்க ரெண்டு பக்கமும்தானே போகும்!

— நீங்க என்ன, ஒரு காசு அறுக்க இம்புட்டு யோசிக்கிறீங்க? குடுங்க, நான் பஸ் ஏறிப் போயி யாராவது வெள்ளைக்காரன்கிட்ட அறுத்துக்கிறேன்.

— இல்லையில்லை, குடுக்க மாட்டன்! சரி. இனி ஒளிக்க ஏலாது. இஞ்ச கிட்ட வாங்கோ, ஒரு விசியம் காட்டுறன். ராணி இப்ப நிமிர்ந்து இருக்கிறாவோ?

— இருக்காங்க.

— ரெண்டு விரலால மேலயும் கீழயும் பிடிச்சு, கதவு திறக்கிற மாதிரிப் பக்கத்துக்குத் திருப்புறன். நல்ல காசு எண்டால் குக்கும் நிமிர்ந்து நிக்க வேணும். இவர் எப்பிடி நிக்கிறார்?

— தலைகீழா நிக்கிறாரு. பாவம்.

— பாவமோ! காசு அடிக்கிற இடத்தில அச்சு சுத்திப் போச்சு. ஆரும் கவனிக்காமல் வெளியில வந்திட்டுது. நான் எத்தினை வருஷமா மிச்சக் காசு ஒவ்வொண்டையும் இப்பிடித் திருப்பித் திருப்பிப் பாக்கிறன் தெரியுமோ? ரெயின் டிக்கெற் எடுக்கிற இடத்தில, பால்காரனிட்ட, பாங்கில. பின்னுக்கு நிக்கிற சனம் என்னை ஏசும். கட்டின மனிசி ரஞ்சினியே என்னோட கடைக்கு வாறதை விட்டிட்டா. போன மாசம் பஸ்ஸில பத்துச் சதம் எண்டு அமெரிக்கன் குவார்ட்டர் ஒண்டு தந்தாங்கள், மேளகாரன் படம் போட்டது, அவையளின்ர இருநூறாம் வருஷத்துக்கு அடிச்சது. அதைத்தான் இதுவரைக்கும் என்ர பெரிய வேட்டை எண்டு கொண்டாடினனான். இப்பிடித் தலைகீழ்க் குக் ஒண்டு என்ர கைக்கு வந்ததே... வந்ததே இல்லை.

— ஏன் நடுவுல முழுங்குறீங்க? எவ்வளவு போகும் இது?

— பரமட்டாவில பழங்காசு வாங்கிற ஒரு கடை இருக்கு. அவன் கண்ணை மூடிக்கொண்டு நூற்றைம்பது டொலர் தருவான்.

— நூத்தம்பதா! என் வட்டக் காசுக்கு?

— அதுக்கு ஒரு ஒண்டரை டொலர்.

— அப்ப அந்தத் திருடன், ஒன்றரை டாலரு காச எடுத்துக்கிட்டு, நூத்தம்பது டாலரு காச வச்சுட்டுப் போயிருக்கான்.

— ஓம்.

— எம்புட்டுப் பெரிய முட்டாளா இருப்பான்!

— முட்டாள் எண்டு சொல்ல ஏலாது. ஏதோ ஒரு அவசரத்தில திருப்பிப் பாக்காமல் விட்டிருப்பான்.

— காசப் பத்தி ஒரு மண்ணும் தெரியாத பய.

— அப்பிடிச் சொல்லாதேங்கோ!

— உங்களுக்கு ஏண்ணே கோவம் வருது?

— இல்லை, பொதுவாச் சொல்லுறன். மனிசர் எண்டால் ஒரு கண் தவறும்தானே. இப்பவாவது விளங்குதோ, இதை அறுக்கக் கூடாது எண்டு?

— இப்பத்தாண்ணே அறுக்கணும். அம்பது சென்ட அறுத்தாக் காளி சும்மா திரும்பிப் பாப்பா. நூத்தம்பது டாலர அறுத்தா இறங்கியே வந்துருவா. மேசையில இருக்கிற அந்த இடுக்கியில வச்சு இறுக்குங்க.

— தங்கச்சி, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. அந்த மனிசன் எடுத்தது அம்பது சதம். காசில எழுதியிருக்கிற பெறுமதி அதுதான். அப்ப சாபமும் அம்பது சதத்துக்கு அளவாத்தானே இருக்க வேணும்? கண்ணவிஞ்சு போறதெல்லாம் கூடிப் போச்சு. ஒரு பல்லுக்கொதி காணாதே?

— பல் வலியா?

— சரி, ஒண்டரை டொலர்க் கணக்கில பாத்தாலும் ஒரு மூட்டு நோவோட நிப்பாட்டலாம். இடது முழங்கால். அந்தாளுக்கு ஏற்கனவே வலது கால் சரியில்லாமல் இருக்கலாம்.

— நீங்க என்ன அவனுக்கு வக்கீலா? புருஷன் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, நீங்க முழங்காலுக்கும் பல்லுக்கும் பேரம் பேசுறீங்க. ஏண்ணே, உங்களுக்கு அவர் மேல பாசமே இல்லையா?

— என்ன கதை கதைக்கிறியள்! இந்த நாட்டில எனக்கு வாய்ச்ச ஒரே சிநேகிதன் நாகராஜன்.

— அப்ப இறுக்குங்க.

— இறுக்கிறன். கையை எடுங்கோ. இந்தா, இறுக்கியாச்சு.

— இப்ப அறுத்துக்கிட்டே நான் சொல்றத அப்படியே சொல்லுங்க.

— நான் சொல்லுறதோ? சாபம் உங்கட அல்லோ!

— அறுக்கிற கைதான் சொல்லணும். கோயில்லயே நேர்ல பாத்திருக்கேன். சொல்லுங்க. "சாமி காசுல கைய வச்சவன்."

— சாமி காசில கையை வைச்சவன்...

— ரம்பம் நகரவே இல்ல. அறுங்க.

— வாள் மொட்டை தங்கச்சி. பாருங்கோ, அறுக்கிறன். ஐயோ, கரை போச்சு. நூற்றைம்பது நூற்றிருபது ஆச்சு.

— "அவன் கை விளங்காம போகட்டும்."

— அவன்ர கை... கொஞ்சம் நோகட்டும்.

— விளங்காம போகட்டும்!

— இன்னும் ஒரு இழுவை. நூறு. தங்கச்சி, இப்ப நூறுதான்.

— "அவன் சாப்பிட்ட சோறு செரிக்காம போகட்டும்."

— அது ஏற்கனவே செரிக்கேல்லை.

— என்ன சொன்னீங்க?

— "அவன் நம்பின சிநேகிதன்..." அடுத்தது அப்பிடித்தானே வரும்? என்னால ஏலாது தங்கச்சி. நான் சொல்ல மாட்டன். எனக்கு நானே எப்பிடிச் சொல்லுறது?

— எனக்கு நானேன்னா?

— நான்தான்.

— என்ன நீங்கதான்?

— வட்டக் காசை எடுத்தது நான்தான் வேதவல்லி. தீபாவளி அண்டைக்கு. பிள்ளையள் மத்தாப்பூக் கொளுத்த நீங்கள் எல்லாரும் வெளியில போனியள். நான் திருநீறு பூசச் சாமித்தட்டில கையை நீட்டினனான். முடிச்சு விரலில பட்டுது. வட்டம் எண்டு விரல் கண்டுபிடிச்சிட்டுது. நான் தேடேல்லை, விரல்தான்.

— நீங்களா! எங்க வீட்டு வடையத் தின்ன கையாலயா?

— வடை தின்ன முந்தி. காசை எடுத்தாப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை.

— பத்தலன்னு சட்டினியோட கேட்டு வாங்கினீங்க!

— அது கவலையில சாப்பிட்டது.

— நான் மூணு முடிச்சு போட்டு இறுக்கியிருந்தேனே, அத எப்படி அவிழ்த்தீங்க?

— பல்லால.

— அட பாவி மனுஷா, சாமி காச எச்சில் பண்ணிட்டீங்களா!

— நான் அம்பதுக்கு அம்பது வைச்சனான் தங்கச்சி. முருகனுக்கு ஒரு சதமும் குறையேல்லை.

— சாமிக்குச் சில்லறை மாத்திக் குடுக்க நீங்க யாருண்ணே? அது காசா? அது அவர் உயிருண்ணே. அன்னிக்கு ஆஸ்பத்திரியில கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நானு. எனக்கு இங்கிலீஷ் வராது. நர்ஸு என்ன சொன்னான்னு கூடப் புரியல. அந்தக் காசு ஒண்ணுதான் நான் பேசினது. அதப் போயி பல்லால அவிழ்த்துட்டீங்களே.

— அழாதேங்கோ தங்கச்சி. எனக்கு வெக்கமாக் கிடக்கு. நாகராஜனுக்கு ஏதும் நடந்தால் நான் என்ர மூஞ்சையை எங்க கொண்டுபோய் வைக்கிறது? சத்தியமாச் சொல்லுறன், இதுக்கு முந்தி நான் ஒருத்தற்ற ஒரு சதத்தைத் தொட்டதில்லை.

— அப்புறம் இதுக்கு மட்டும் என்ன வந்துச்சு? ஒன்றரை டாலருக்கா உங்களுக்குப் பஞ்சம்?

— டசின் குறைஞ்சு போச்சு.

— எந்த டசின்?

— வட்ட அம்பது ஒரு டசின் சேர்த்தனான். எத்தினை வருஷம் மினக்கெட்டுச் சேர்த்தது! முழு டசினாக் கொண்டு வந்தால் நல்ல விலை தாறன் எண்டு கடைக்காரன் சொல்லியிருந்தவன். கொண்டுபோக எண்டு ஒருநாள் ரின்னைத் திறக்கிறன், பதினொண்டு வட்டம், நடுவில ஒரு மூலைக் காசு! எவனோ ஒரு வட்டத்தை உருவிப் போட்டு, கணக்குச் சரியா இருக்கட்டும் எண்டு ஒரு மூலையைச் செருகி வைச்சிட்டான். என்ன துணிவு பாருங்கோ. அம்பதுக்கு அம்பதாம்!

— ...யாரு?

— வேற ஆர், ரஞ்சினியின்ர தம்பி சிறிதான். அவன் ஒருத்தன்தான் ஓயாமல் வந்து போறவன். கேட்டன், இல்லை எண்டு தாயின்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினான். கள்ளன் அப்பிடித்தானே பண்ணுவான்? அண்டையோட கதை பேச்சு இல்லை. அவன்ர கலியாணத்துக்கும் நான் போகேல்லை. ரஞ்சினி தனியப் போய் வந்து ஒரு கிழமை எனக்குச் சோறு போடேல்லை.

— அந்த மூலைக் காச என்ன பண்ணினீங்க?

— ஆத்திரத்தில திருப்பிக்கூடப் பாக்கேல்லை. கள்ளன்ர காசு எண்டு பேர்ஸுக்குள்ள புறம்பா மடிச்சு வைச்சனான். ஒருநாள் அவன்ர மூஞ்சையில எறிய வேணும் எண்டு. பேந்து தீபாவளிக்கு உங்கட முடிச்சைக் கண்டவுடன அதைத்தான் உள்ள வைச்சனான். அதுதான் இந்தக் குக். ஒரு வருஷமா என்ர பொக்கற்றுக்குள்ள தலைகீழா நிண்டிருக்கிறார், நான் ஊரெல்லாம் தேடித் திரிஞ்சிருக்கிறன்!

— எந்த டின்னுண்ணே அது?

— நீலப் பிஸ்கற் ரின். மூடியில ரெண்டு நாய்க்குட்டி.

— டெலிபோனுக்குப் பக்கத்துல இருக்குமே, அதா?

— ஓம், அதுதான்.

— எப்ப தொறந்து பாத்தீங்க?

— போன வருஷம். நாகராஜன் ஆஸ்பத்திரியால வந்து கொஞ்ச நாளில. ஏன் கேக்கிறியள்? ஏன் ஒரு மாதிரி இருக்கிறியள்? தண்ணி கொண்டு வரச் சொல்லவோ?

— ரம்பத்தக் கீழ வைங்கண்ணே.

— வைச்சிட்டன்.

— அன்னிக்கு இவர ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுப் போனதும், எந்த வார்டுன்னு போன் பண்ணிக் கேக்க உங்க வீட்டுக்குத்தானே ஓடியாந்தேன். எங்க வீட்ல போன் கெடையாது. ரஞ்சினி அண்ணிதான் பேசினாங்க. பேசி முடிச்சுட்டு எனக்குத் தேத்தண்ணி வைக்க உள்ள போனாங்க. கையில ஒரே ஒரு அம்பது சென்ட் வச்சிருந்தேன். காசு முடியணும், உடனே முடியணும்னு மனசு அடிச்சுக்குது. பாத்தா மூலைக் காசு. எங்கம்மா எதுக்கு முடிஞ்சாலும் வட்ட ரூபாதான் முடிவாங்க. பன்னெண்டு மூலை வச்ச காச நம்பி எப்படிண்ணே புருஷன ஒப்படைக்கிறது? தவிச்சுப் போயி நிக்கிறேன், பக்கத்துல டின்னு. தொறந்தேன். உள்ள வட்டம் வட்டமா இருந்துச்சு.

— தங்கச்சி...

— வட்டத்த எடுத்துட்டு என் காசப் போட்டேன். அம்பதுக்கு அம்பதுதானேன்னு நெனச்சேன். அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன், இவரு பொழைச்ச சந்தோஷத்துல மறந்தே போச்சு.

— நீங்களோ!

— சாபம் எது வரைக்கும் சொன்னோம்ணே?

— "கொஞ்சம் நோகட்டும்."

— இப்பவே கை வலிக்குது.

— அட, விடுங்கோ தங்கச்சி, அதை விடுங்கோ! அப்ப நான் கள்ளன் இல்லை! பாருங்கோ, நான் எடுத்தது என்ர காசு. நான் வைச்சது உங்கட காசு. என்ர வட்டம் என்ர ரின்னுக்கு வந்திட்டுது, உங்கட குக் உங்கட முடிச்சுக்குப் போய்ச் சேர்ந்திட்டார். ஒருத்தருக்கும் ஒரு சதமும் நட்டமில்லை! சிறியை நினைச்சால்தான்... பாவம் அவன், கலியாணப் படத்தில எனக்கு எண்டு ஒரு கதிரையை வெறுமையா விட்டு எடுத்திருக்கிறான். இண்டைக்கே போய்க் காலில விழ வேணும்.

— ம்.

— என்ன ம்? சந்தோஷப்படுங்கோ! குக்கின்ர கரையில ஒரு சின்ன வெட்டுத்தான் விழுந்திருக்கு. நூறு டொலர் இன்னும் தேறும். விக்க விருப்பம் இல்லையெண்டால் கழுவித் துடைச்சு மஞ்சள் துணியில முடிஞ்சு பழனிக்குக் கொண்டுபோங்கோ. களவு இல்லாத, உங்கட சொந்தக் காசு. முருகனுக்கும் அதுதான் மரியாதை. இந்தாங்கோ, பிடியுங்கோ.

— வேணாம்ணே.

— ஏன் வேண்டாம்? நேர்மையான காசு!

— நேர்மையான காசு உள்ள போன அன்னிக்கு ராத்திரிதாண்ணே அவருக்கு நெஞ்சு வலிக்க ஆரம்பிச்சுது. இந்தத் தலைகீழ் ஆள நீங்களே வச்சுக்குங்க, எனக்கு அந்தத் திருட்டுக் காசத் திருப்பிக் குடுங்க. ஒரு வருஷமா அவர் உயிரப் புடிச்சு வச்சிருந்தது அதுதான்.